முதல் ஸ்கூபா பயிற்சிக்கு எந்த மாஸ்க் வாங்கலாம்? (பவர் கண்ணாடி அணிபவன், மீசையும் உண்டு)

கடலில்லா ஊரான்:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வசிக்கிறேன், வயது 46. வரும் பிப்ரவரியில் அந்தமானின் ஹேவ்லாக்கில், அதாவது இப்போது சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றியிருக்கும் இடத்தில், ஓப்பன் வாட்டர் எனப்படும் முதல்நிலை ஸ்கூபா பயிற்சிக்கு நானும் மனைவியும் பணம் கட்டியிருக்கிறோம். மற்ற கருவிகளையெல்லாம் பயிற்சி மையமே தந்துவிடுகிறது. மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்கி வந்தால் நல்லது என்று சொன்னார்கள்.

இணையத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். முன்பக்கம் ஒரே அகலக் கண்ணாடி, இரு பக்கங்களிலும் சிறு கண்ணாடிகள், மூக்குக்குக் கீழே நீரை வெளியேற்றும் வால்வு, நெற்றியில் கேமரா பொருத்தும் இடம், ஒளி புகும் நிறமற்ற சிலிக்கான் என்று எல்லாம் இருக்கின்றன. விலையும் கட்டுப்படியாகிறது. வாங்கிவிடலாமா?

கூடுதல் தகவல்: வலது கண்ணுக்கு -4.25, சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான பவர்) -1.00, இடது கண்ணுக்கு -3.50, சிலிண்டர் -0.50. மீசை வைத்திருக்கிறேன், அதை எடுக்கும் எண்ணம் இல்லை.

தூத்துக்குடித் தோணி:

வாருங்கள் ஐயா. அந்த மாஸ்க்கில் என்னவெல்லாம் இருக்கிறது என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் முகத்தில் உட்காருமா என்பதை மட்டும் எழுதவில்லை. முகத்தில் வைத்துப் பார்க்காமல் அது யாருக்கும் தெரியாது என்பதால், இணையத்தில் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்பதே என் முதல் பதில். நான் சில ஆண்டுகளாக அந்தமானில் டைவ்மாஸ்டராக வேலை செய்கிறேன். முதல் நாள் கலங்கிப்போய் மேலே வருகிறவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாததோ, கடலைக் கண்ட பயமோ காரணமாக இருப்பதில்லை; மூக்கருகே சொட்டுச் சொட்டாக உள்ளே வந்துகொண்டிருக்கும் தண்ணீர்தான் காரணமாக இருக்கிறது.

கடைக்குப் போனதும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாஸ்க்கின் பட்டையை முன்பக்கம் திருப்பிக் கண்ணாடியின் மேல் போட்டுவிடுங்கள். நெற்றியில் விழும் முடியை ஒதுக்கிவிட்டு, முகத்தை மேலே தூக்கிக் கூரையைப் பாருங்கள். மாஸ்க்கை முகத்தின் மேல் அழுத்தாமல், தன் எடையிலேயே கிடக்குமாறு வையுங்கள். இந்த நிலையில் ஸ்கர்ட் எனப்படும் சிலிக்கான் விளிம்பு நெற்றி, கன்னப்பொட்டு, கன்னம், மேலுதடு என்று சுற்றிலும் தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். உங்களால் அதைப் பார்க்க முடியாது என்பதால் துணைவியாரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் தெரிகிற இடைவெளி இருந்தால் அந்த மாஸ்க்கை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்து, மூக்கால் மிக லேசாக மூச்சை உள்ளிழுத்து நிறுத்துங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தாலும் விழாமல் நிற்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வேகமாக உறிஞ்சினால் எந்த மாஸ்க்கும் எந்த முகத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத விளிம்பையும் அந்த உறிஞ்சல் இழுத்துப் பிடித்துவிடும். கடைக்காரர்கள் "நல்லா இழுங்க சார்" என்று சொல்வதும் அதனால்தான். பூவை முகர்கிற அளவுக்கு மட்டுமே இழுங்கள்.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதே இல்லை. தொட்டியிலிருந்து மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியையோ, ஸ்நார்க்கல் எனப்படும் மூச்சுக்குழாயையோ வாயில் கவ்விக்கொண்டு முதலிரண்டு சோதனைகளையும் மீண்டும் செய்யுங்கள். வாயில் ஒன்றைக் கவ்வியதும் மேலுதடு முன்னே தள்ளி, கன்னத்தின் வடிவமே மாறிவிடும். வெறும் வாயோடு கச்சிதமாக இருந்த மாஸ்க், கவ்விய வாயோடு மூக்கின் இரு பக்கமும் இடைவெளி விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடலுக்குள் நீங்கள் வெறும் வாயோடு இருக்கப் போவதில்லை அல்லவா? கவ்விய நிலையிலேயே ஒருமுறை சிரித்தும் பாருங்கள். பெரிய மீனைக் கண்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். கன்னத்தில் விழும் கோடு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்.

இவற்றில் தேறியதைப் பட்டை மாட்டி ஐந்து நிமிடமாவது அணிந்திருங்கள். மூக்குத் தண்டிலோ புருவ நடுவிலோ கண்ணாடியின் சட்டம் இடித்தால், ஐந்து நிமிடத்தில் உறுத்தலாகத் தெரிவது நாற்பது நிமிட டைவில் தலைவலியாகிவிடும். மூக்குப் பையை விரல்களால் எளிதாகப் பிடித்து அடைக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். இறங்கும்போது காதைச் சமன் செய்ய, அதாவது மூக்கை அடைத்து ஊதிக் காதுக்குள் அழுத்தத்தைச் சரிசெய்ய, அது வேண்டும்.

நீங்கள் பார்த்து வைத்திருப்பதைப் பற்றி: பக்கவாட்டுக் கண்ணாடிகள் கடையில் நன்றாக இருக்கும். தண்ணீருக்குள் முன்கண்ணாடியும் பக்கக் கண்ணாடியும் சேரும் இடத்தில் காட்சி உடைந்து, ஒரே மீன் இரண்டு இடங்களில் தெரியும். மாஸ்க்கின் உள்வெளியும் அதிகமாவதால், தண்ணீர் புகுந்தால் வெளியேற்ற அதிகக் காற்று ஊத வேண்டியிருக்கும். வால்வின் மென்தகட்டில் ஒரு மணல் சிக்கினால் போதும், அது ஒழுகத் தொடங்கிவிடும். நெற்றிக் கேமராவை என்னோடு இறங்கும் மாணவர்களுக்கு நான் அனுமதிப்பதே இல்லை. இவற்றையெல்லாம் விட முக்கியமாக, ஒரே கண்ணாடி உள்ள மாஸ்க்கில், ஆயத்தமாகக் கிடைக்கும் பவர் கண்ணாடிகளை மாற்றிப் பொருத்த முடியாது. அதைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கிறார், அவர் வரட்டும்.

புதுவை அலை:

தோணி அண்ணன் காது சமன் செய்வதைக் குறிப்பிட்டார். மாஸ்க்கையும் சமன் செய்ய வேண்டும் என்பதை நான் கண்ணைச் சிவக்க வைத்துக் கற்றுக்கொண்டேன். புதுச்சேரியில் என் முதல் டைவ். காது வலிக்கக் கூடாது என்று மூக்கைப் பிடித்துப் பிடித்துக் காதை மட்டும் கவனித்துக்கொண்டு இறங்கினேன். மாஸ்க் முகத்தை இறுக்குவது தெரிந்தது. மாஸ்க் என்றால் அப்படித்தான் இருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டேன். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியதும் படகில் இருந்தவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இரண்டு கண்களிலும் வெள்ளைப் பகுதி முழுவதும் இரத்தச் சிவப்பாக இருந்தது. மாஸ்க் இருந்த இடத்தில் வட்டமாகச் சிராய்ப்பு போன்ற புள்ளிகள். வலி பெரிதாக இல்லை. கண் மருத்துவர் பார்த்துவிட்டுத் தானாகவே ஆறிவிடும் என்றார். ஏறக்குறைய இரண்டு வாரம் குளிர்கண்ணாடியோடு அலுவலகம் போனேன்.

காரணம் எளிது. மேற்பரப்பில் ஒரு வளிமண்டல அழுத்தம் என்றால் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு. மாஸ்க்குக்குள் அடைபட்ட காற்று அங்கே பாதியாகச் சுருங்க முயல்கிறது; கண்ணாடி சுருங்காது என்பதால் முகத்தின் தோலும் கண்ணும்தான் உள்ளே இழுபடுகின்றன. இறங்கும்போது அவ்வப்போது மூக்கால் கொஞ்சம் காற்றை மாஸ்க்குக்குள் விட்டால் போதும். நீச்சல் குளத்துக் கண்ணாடியை ஸ்கூபாவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அதற்குள் மூக்கு இல்லை, காற்று விட வழியும் இல்லை.

தூத்துக்குடித் தோணி:

இதைப் படித்ததும் பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்களை மட்டும் மூடும் கண்ணாடியோடு மூச்சடக்கி இறங்குகிறார்கள். அவர்கள் வேலை செய்வது ஆழம் குறைந்த பாறைப் பகுதி, அதனால் சமாளிக்க முடிகிறது. அதைப் பார்த்துவிட்டு "அவர்கள் போகிறார்களே" என்று யாரும் அதே கண்ணாடியோடு 10 மீட்டருக்கு இறங்கிவிடக் கூடாது.

சிங்கைச் செல்வி:

நான் சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வார இறுதிகளில் புலாவ் ஹந்துவிலும், விடுமுறை கிடைத்தால் தியோமனிலும் டைவ் செய்வதோடு, நுண்ணிய கடலுயிர்களைப் படமெடுப்பதும் வழக்கம். சிலிக்கான் நிறத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

நிறமற்ற சிலிக்கான் வழியாகப் பக்கவாட்டு வெளிச்சம் உள்ளே வந்து, கண்ணாடியின் உட்புறத்தில் பட்டுத் திரும்பும். வெயில் நன்றாக விழும் ஆழம் குறைந்த நீரில் சில நேரம் உங்கள் கன்னத்தையே கண்ணாடியில் பார்ப்பீர்கள். கறுப்பு சிலிக்கானில் இந்தத் தொல்லை இல்லை. பார்வை முன்னே குவிகிறது, கேமரா திரையும் தெளிவாகத் தெரிகிறது. மேலும், நிறமற்றது ஓரிரு ஆண்டுகளில் மஞ்சளடித்துப் பழைய பிளாஸ்டிக் டப்பா போல ஆகிவிடும். எனவே என் பரிந்துரை கறுப்பு.

நிலாவெளி:

செல்வி அக்கா சொல்வது படமெடுப்பவர்களுக்குச் சரி. ஆனால் புதிதாகச் சுழியோட வருகிறவர்கள் எல்லோருக்கும் கறுப்பு பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள் இலங்கையின் நிலாவெளியில் இருந்து புறாமலைத் தீவுப் பக்கம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அடைபட்ட இடத்தில் மூச்சுமுட்டுகிற மாதிரி உணர்கிறவர்களுக்குக் கறுப்பு மாஸ்க்கைக் கொடுத்தால், குழாய்க்குள் நின்று பார்ப்பது போல இருக்கிறது என்று கழற்றிவிடுகிறார்கள். அதே ஆளுக்கு வெளிச்சம் உள்ளே வரும் மாஸ்க்கைக் கொடுத்தால் அமைதியாக இறங்குகிறார். மஞ்சளாவது அழகுக் குறைதானே ஒழிய, அதனால் தண்ணீர் உள்ளே வராது. இரண்டையும் போட்டுப் பார்த்து, மனதுக்கு எது இலேசாக இருக்கிறதோ அதை எடுக்கட்டும்.

சிங்கைச் செல்வி:

அடைபட்ட உணர்வை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு வேண்டியது கறுப்புதான்.

மதுரைக் கண்ணாளன்:

மன்னிக்கவும், தாமதமாக வந்தேன். நான் கண் பரிசோதகர். ஆண்டுக்கு ஒருமுறை கடலுக்குள் போய் வருகிறவன்.

உங்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, இரண்டு தனித்தனிக் கண்ணாடிகள் கொண்ட மாஸ்க்கை வாங்கி, அவற்றைக் கழற்றிவிட்டு அதே வடிவத்தில் கிடைக்கும் பவர் கண்ணாடிகளைப் பொருத்துவது. பல நிறுவனங்கள் தங்கள் மாஸ்க்குகள் சிலவற்றுக்கு இவற்றை 0.50 இடைவெளியில் ஆயத்தமாகவே விற்கின்றன. எனவே மாஸ்க் வாங்கும் முன், அந்தக் குறிப்பிட்ட மாடலுக்குப் பவர் கண்ணாடி கிடைக்கிறதா, உங்கள் அளவு வரை போகிறதா என்று கேளுங்கள்.

இந்த ஆயத்தக் கண்ணாடிகளில் சிலிண்டர் இருக்காது. அதனால் சிலிண்டரில் பாதியை முதல் எண்ணோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். உங்கள் வலது கண்: -4.25 உடன் -1.00 இல் பாதியான -0.50 சேர்ந்தால் -4.75. இடது கண்: -3.50 உடன் -0.25 சேர்ந்தால் -3.75. இரண்டுமே படிகளுக்கு நடுவில் விழுகின்றன. இப்படி விழும்போது ஒரு படி குறைவானதை எடுப்பது வழக்கம். ஆகவே வலதுக்கு -4.50, இடதுக்கு -3.50. தண்ணீரின் ஒளிவிலகலால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உண்மைத் தொலைவில் முக்கால் பங்கிலேயே இருப்பது போலவும் தெரியும் என்பதால், அந்தச் சிறு குறைவு உறுத்தாது. தண்ணீருக்குள் போனால் பவர் மாறிவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. மாஸ்க் கண்ணாடியின் வெளிப்பக்கம் தட்டையாகவும், வளைவு காற்றுள்ள உட்பக்கத்திலும் இருப்பதால் மாறாது.

இரண்டாவது வழி, சாதாரண மாஸ்க்கோடு மென்மையான கான்டாக்ட் லென்ஸ், அதிலும் ஒருநாள் அணிந்து எறியும் வகை. பயிற்சியில் மாஸ்க்கில் நீரை நிரப்பி வெளியேற்றவும், முழுவதும் கழற்றி மாட்டவும் சொல்வார்கள். அப்போது கண்ணை மூடிக்கொள்ளாவிட்டால் லென்ஸ் கடலோடு போய்விடும். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் லென்ஸுக்கு அடியில் தங்கினால் கருவிழியில் கடுமையான தொற்று வரக்கூடும் என்பதால், டைவ் செய்த லென்ஸை அன்றே எறிந்துவிட வேண்டும். மூன்றாவது, உங்கள் சீட்டின்படியே சிலிண்டரோடு கண்ணாடி செய்து மாஸ்க்கின் உட்புறம் ஒட்டித் தரச் சொல்வது. செலவு அதிகம், -1.00 சிலிண்டருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

ஒரு கேள்வி. வயது 46 என்கிறீர்கள். படிப்பதற்குத் தனியாகப் பவர் உண்டா?

எழுகடல்:

மாஸ்க்கை வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலையை விட்டுவிட்டீர்களே. புது மாஸ்க்கின் கண்ணாடி உட்புறத்தில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய சிலிக்கான் படலம் இருக்கும். அதை எடுக்காவிட்டால், ஆவி படியாமலிருக்க எவ்வளவு எச்சில் துப்பித் தேய்த்தாலும் ஆவி படியத்தான் செய்யும். சிகரெட் லைட்டரைக் கண்ணாடியின் உட்புறம் மெதுவாகக் காட்டினால் படலம் கருகிக் கறுப்பாகும், துடைத்துவிட்டால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

தூத்துக்குடித் தோணி:

எழுகடல் அவர்களே, அந்த வித்தையைப் புதியவர்களுக்குச் சொல்லாதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். தீ ஒரு கணம் ஓரத்தில் நின்றாலும் சிலிக்கான் விளிம்பு கெட்டுவிடும். ஒரே இடத்தில் அதிகச் சூடு பட்டால் கண்ணாடியே விரிசல் விடலாம். உட்புறம் மேற்பூச்சு கொடுத்த கண்ணாடிகளில் பூச்சு போய்விடும்.

பாதுகாப்பான வழி பற்பசைதான். ஜெல் வகை வேண்டாம். வெள்ளையாக, லேசாக நறநறவென்று இருக்கும் சாதாரணப் பற்பசை. காய்ந்த கண்ணாடியில் பட்டாணி அளவு வைத்து, இரண்டு பக்கமும் விரலால் சில நிமிடம் தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். கண்ணாடியில் மூச்சை ஊதிப் பார்த்தால், திட்டுத் திட்டாக வெளுக்காமல் ஆவி உடனே விலக வேண்டும். அதுவரை தேய்க்க வேண்டும். மேற்பூச்சு உள்ள கண்ணாடிக்கு இதுவும் ஆகாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

எழுகடல்:

நான் மூன்று மாஸ்க்குகளுக்கு லைட்டர் காட்டியிருக்கிறேன். நான்காவதில் மூக்கருகே விளிம்பு சுருங்கிப்போனதும் உண்மைதான். இனிமேல் புதியவர்களுக்குப் பற்பசை என்றே சொல்கிறேன்.

நிலாவெளி:

ஆவி படிவது பற்றி ஒரு சிறு குறிப்பு. படலம் போன பிறகும் ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்பும் ஏதாவது தடவத்தான் வேண்டும். மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் துளித்துளியாக ஒட்டுவதுதான் மூட்டம். எச்சிலோ சோப்போ இருந்தால் துளியாகாமல் ஒரே தாளாகப் பரவி வழிந்துவிடும். காய்ந்த கண்ணாடியில் துப்பி, தேய்த்து, கடல்நீரில் ஒரே ஒரு முறை அலசுங்கள். பலபேர் ஈரக் கண்ணாடியில் துப்பிவிட்டு நன்றாகக் கழுவியும் விடுகிறார்கள். பிறகு எச்சில் எங்கே இருக்கும்? துப்பக் கூசுகிறவர்கள் குழந்தைகளுக்கான ஷாம்பூவில் தண்ணீர் கலந்து ஒரு சின்னப் போத்தலில் கொண்டு வரலாம். எங்கள் படகோட்டி ஒருவர் வெற்றிலை போட்ட வாயோடு விருந்தாளியின் மாஸ்க்கில் துப்பி உதவி செய்த கதை இன்னும் கரையில் ஓடுகிறது.

கடலில்லா ஊரான்:

அனைவருக்கும் நன்றி. அலுவலக வேலையாகச் சென்னை போனபோது இரண்டு கடைகளுக்குச் சென்று வந்தேன். முதல் கடையில் "எல்லா முகத்துக்கும் ஒரே அளவுதான் சார், பட்டையை இறுக்கினால் சரியாகிவிடும்" என்றார்கள். சோதனை செய்ய மாஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுக்கவே விடவில்லை. இரண்டாவது கடையில் ஏழு மாஸ்க்குகளை எடுத்து வைத்தார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டு நான் நிற்க, மனைவி கைப்பேசி விளக்கை அடித்துச் சுற்றிலும் பார்த்தார். மிகவும் விலை உயர்ந்தது, சட்டமில்லாத அழகான கறுப்பு மாஸ்க். அது என் கன்னப்பொட்டில் சிறுவிரல் நுழையும் அளவு இடைவெளி விட்டது. ஏழில் மூன்று வெறும் வாயோடு தேறின. ஸ்நார்க்கலைக் கவ்விய பிறகு ஒன்றுதான் மிஞ்சியது. நடுத்தர விலையில் இரண்டு கண்ணாடி கொண்ட கிரெஸ்ஸி மாஸ்க். பவர் கண்ணாடிகள் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள், முன்பணம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகங்கள். மீசை இருக்கும் இடத்தில் விளிம்பு சரியாக ஒட்டவில்லை. மனைவி, முகம் முழுவதையும் மூடி, மூக்காலும் வாயாலும் மூச்சு விடக்கூடிய மாஸ்க்கே போதும் என்கிறார்; அதைக் கடற்கரையில் ஒருமுறை அணிந்து பார்த்திருக்கிறார். படிப்பதற்கு எனக்கு இப்போதைக்கு எதுவும் தேவைப்படவில்லை.

தூத்துக்குடித் தோணி:

அம்மா சொல்வது தண்ணீரின் மேல்பரப்பில் மிதந்து பார்ப்பதற்கான மாஸ்க். டெகாத்லான் 2014 இல் அறிமுகப்படுத்திய ஈசிபிரீத்துக்குப் பிறகு அது எங்கும் பரவிவிட்டது. 2020 இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது இத்தாலியில் அதற்கு ஓர் இணைப்பை முப்பரிமாண அச்சில் செய்து பொருத்தி, மூச்சுத் திணறுகிறவர்களுக்குப் பயன்படுத்தினார்கள். அந்த அளவுக்கு நல்ல கருவிதான். ஸ்கூபாவுக்கு மட்டும் ஆகாது. அதில் ரெகுலேட்டரைப் பொருத்த இடமில்லை, மூக்கைப் பிடித்துக் காதைச் சமன் செய்யவும் முடியாது. ஸ்கூபாவுக்கென்றே முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்குகள் தனியாக உண்டு. அவை பெரும்பாலும் தொழில்முறையில் இறங்குகிறவர்களுக்கானவை, விலையும் பயிற்சியும் வேறு. அம்மாவுக்கும் சாதாரண மாஸ்க்கைச் சோதித்து வாங்குங்கள். உங்களுக்குப் பொருந்தியதே அவருக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். பெண்களின் முகம் பெரும்பாலும் ஒடுங்கியிருப்பதால் சிறிய அளவு விளிம்பு தேவைப்படலாம். நீண்ட கூந்தலுக்கு, பின்பட்டையின் மேல் துணி போன்ற நியோபிரீன் உறை மாட்டிக்கொண்டால் முடி பிடுங்காது.

மீசைக்கு வருகிறேன். அதை எடுக்க வேண்டாம். விளிம்பு ஒட்டுவது மூக்குத் துளைகளுக்கு நேர் கீழே, மேலுதட்டின் மேற்பகுதியில். அந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு போல, அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகச் சவரம் செய்தால் வெளியே யாருக்கும் தெரியாது, விளிம்பு தோலில் உட்காரும். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், அந்த இடத்தில் டைவிங் கடைகளில் கிடைக்கும் சிலிக்கான் கிரீஸைக் கொஞ்சம் தடவலாம். வாசலின் வேண்டாம். அதன் பிறகும் சில சொட்டுகள் வரும். அண்ணாந்து பார்த்து, மாஸ்க்கின் மேல் விளிம்பை விரலால் நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் கீழ்வழியாகப் போய்விடும். என்னுடைய மீசையோடு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நான் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

கண்ணாடியின் ஓரத்தில் டெம்பர்ட் என்று பொறித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்தாலும் கூரிய சில்லுகளாகாமல் சிறு துண்டுகளாக உதிரும் கண்ணாடி அது. கடற்கரைக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கண்ணாடி மாஸ்க்குகள் கீறல் விழுந்து மங்கிவிடும்.

கடலில்லா ஊரான்:

ஹேவ்லாக்கிலிருந்து திரும்பிவிட்டோம். இழையை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் ஆழம் குறைந்த நீரில் பயிற்சி. பற்பசையால் நான்கு முறை தேய்த்திருந்ததால் ஆவி படியவே இல்லை. படகில் இருந்த வாடகை மாஸ்க்குக்காரர்கள் துப்பிக்கொண்டே இருந்தார்கள். மீசையின் மேல் ஓரத்தில், மூக்குக்குக் கீழே கோடு போட்டுச் சவரம் செய்திருந்தேன். ஆனாலும் இடது கன்னப்பொட்டு வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நான் பட்டையை இறுக்கினேன், அதிகமாக வந்தது. மேலும் இறுக்கினேன்; இன்னும் அதிகமாக வந்தது. பயிற்சியாளர் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் பட்டையை மூன்று மூன்று பல் தளர்த்தி, காதுகளுக்கு மேலே தலையின் பின்மேட்டில் உட்காரும்படி ஏற்றிவிட்டார். ஒழுக்கு அங்கேயே நின்றுவிட்டது. இறுக்கும்போது விளிம்பு மடங்கி வாய் பிளந்திருக்கிறது என்று பிறகு விளக்கினார். ஆழத்தில் தண்ணீரின் அழுத்தமே மாஸ்க்கை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுமாம். பட்டை அது நழுவாமல் இருப்பதற்கு மட்டும்தான்.

மனைவியின் மாஸ்க்கில் இரண்டாம் நாள் தண்ணீர் வந்ததற்குக் காரணம் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட நான்கைந்து முடிகள். எடுத்துவிட்டதும் சரியாகிவிட்டது. நிறமற்ற சிலிக்கானைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். நிலாவெளி அவர்கள் சொன்னது அவருக்கு அப்படியே பொருந்தியது.

நீமோ ரீஃபில் ஒரு சாமந்திப்பூ போன்ற கடல் அனிமோனியின் நடுவே கோமாளி மீன்கள் எட்டிப்பார்ப்பதை, அவற்றின் துடுப்போரத்துக் கறுப்புக் கோடு வரை கண்டேன். கண்ணாடி இல்லாமல் என் தலையணையைக்கூடத் தெளிவாகப் பார்க்க முடியாதவன் நான்.

ஒரே ஒரு குறை. கையிலிருந்த டைவ் கம்ப்யூட்டரில் ஆழம் காட்டும் பெரிய எண் தெரிந்தது. சிறிய எண்கள் கலங்கலாக இருந்தன. கையை முழுவதும் நீட்டியும் படிக்க முடியவில்லை. பயிற்சியாளர் அருகில் இருந்ததால் சமாளித்தேன். கரைக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது: வீட்டில் நான் செய்தித்தாளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் படிக்கிறேன்.

மதுரைக் கண்ணாளன்:

அதற்காகத்தான் அன்று கேட்டேன். கிட்டப்பார்வை உள்ளவர்கள் நாற்பதைத் தாண்டியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார்கள். அதனால் தங்களுக்கு வெள்ளெழுத்து இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். கடலுக்குள் கழற்ற முடியாது.

இரண்டு தீர்வுகள் உண்டு. கண்ணாடியின் அடிப்பகுதியில் உட்புறமாக ஒட்டிக்கொள்ளும் சிறிய படிப்புக் கண்ணாடித் துண்டுகள் கிடைக்கின்றன. கீழே பார்த்தால் எண்கள் தெரியும், நேரே பார்த்தால் மீன் தெரியும். இல்லையென்றால், ஒரு கண்ணின் பவரை மட்டும் ஒன்று, ஒன்றரை குறைத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கண் கிட்டத்துக்கு, மற்றது தூரத்துக்கு. மூளை ஓரளவு பழகிக்கொள்ளும், எல்லோருக்கும் அல்ல. கைகளை நீட்டி, அவற்றுக்கிடையே விட்ட ஒரு சிறு துளை வழியாகச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள்; கடிகாரம் எந்தக் கண்ணுக்குத் தொடர்ந்து தெரிகிறதோ அதுவே உங்கள் ஆதிக்கக் கண். மற்றக் கண்ணில்தான் குறைக்க வேண்டும்.

நிலாவெளி:

மாஸ்க்கை நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, நிழலில் காயவைத்து, கெட்டியான பெட்டியில் போட்டு வையுங்கள். அம்மாவின் நிறமற்ற மாஸ்க்கைக் கறுப்பு ரப்பர் துடுப்புகளோடு ஒரே பையில் நெருக்கி வைக்காதீர்கள். தொட்ட இடமெல்லாம் பழுப்பேறும்.

கடலில்லா ஊரான்:

துளை வழியாகப் பார்த்தேன். வலது கண்தான் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் இடதில் -3.50 ஐ எடுத்துவிட்டு -2.50 போட்டுப் பார்க்கிறேன். அடுத்த முறை சென்னை போகும்போது டைவ் கம்ப்யூட்டரையும் கடைக்கு எடுத்துச் சென்று, மாஸ்க்கை அணிந்து, கையை நீட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.